நாற்காலிகள் இல்லாத அறை

90 நிமிட ஒலிநாடா ஒன்றின் ஒரு பக்கத்தில் முதல் ஆல்பம், மறுபக்கத்தில் இரண்டாவது ஆல்பம். லண்டனைச் சேர்ந்த 'வயர்' என்னும் பங்க் ராக் குழு எனக்கு அறிமுகமானது இப்படித்தான். பதிவு செய்து கொடுத்த நண்பன், முதல் பக்கத்தைத் தேயும்வரை கேட்கச் சொன்னான். மறுபக்கம் காலியாகக் கிடக்க வேண்டாமே என்பதற்காக மட்டும் இரண்டாவது ஆல்பத்தைப் பதிந்திருப்பதாகவும், அதைக் கேட்டு என் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்றும் சொன்னான். அவன் கிட்டார் வாசிப்பவன். இசையைப் பற்றி அவன் சொன்ன எதையும் நான் அலட்சியமாக எடுத்துக்கொண்டதில்லை. ஆகவே பல மாதங்கள் வரை அந்த ஒலிநாடாவை நான் திருப்பிப் போடவே இல்லை.

முதல் ஆல்பமான 'பிங்க் ஃப்ளாக்' 1977-இன் இறுதியில் வெளிவந்தது. அதில் 21 பாடல்கள். மொத்தம் ஏறத்தாழ 35 நிமிடங்கள். ஒரு பாடல் 28 விநாடிகளில் முடிந்துவிடுகிறது. பாட வேண்டிய சொற்கள் தீர்ந்ததும் இசையும் நின்றுவிடும்; அதற்குப் பிறகு ஒரு தாளம் கூடக் கிடையாது. பல்லவியை மூன்று முறை பாடி, நடுவில் ஒரு கிட்டார் தனியாவர்த்தனத்தை வைத்து, மெல்ல ஒலியைக் குறைத்து முடிக்கும் வழக்கம் அதில் எங்கும் இல்லை. 1977-இல் வெளியான பங்க் ஆல்பங்களில் கோபமும் வேகமும் நிறைந்தவை பல உண்டு. ஆனால் இத்தனை சிக்கனமான ஒன்றை நான் கேட்டதில்லை.

இரண்டாவது ஆல்பமான 'சேர்ஸ் மிஸ்ஸிங்' 1978 செப்டம்பரில் வந்தது. இடைவெளி ஓராண்டு கூட இல்லை. அதே நான்கு பேர்: பாடி, கிட்டார் வாசித்த காலின் நியூமன், இன்னொரு கிட்டாரில் புரூஸ் கில்பர்ட், பேஸ் கிட்டாரில் கிரஹாம் லூயிஸ், டிரம்ஸில் ராபர்ட் கோட்டோபெட். தயாரிப்பாளரும் அதே மைக் தோர்ன்தான். ஒலிப்பதிவு செய்த ஸ்டுடியோவும் லண்டனின் அதே அட்விஷன்தான். ஆனால் பாடல்கள் 15 ஆகக் குறைந்திருந்தன. நேரம் 42 நிமிடங்களாகக் கூடியிருந்தது. ஒரு பாடல் ஆறு நிமிடங்களை நெருங்கியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, தயாரிப்பாளர் தோர்ன் கீபோர்டும், மின்னணு முறையில் ஒலிகளை உருவாக்கும் சின்தசைசரும் வாசித்திருந்தார். பிரச்சினை அங்கேதான் வெடித்தது.

சின்தசைசர் என்பது வெறும் வாத்தியம்தானே, அதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று இன்று கேட்பவருக்கு அந்தக் காலத்தின் மனநிலையைச் சற்று விளக்க வேண்டும். 1970-களின் முற்பாதியில் பிரிட்டனின் பெரிய ராக் குழுக்கள், இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே பாடலால் நிரப்பும் அளவுக்கு வந்துவிட்டிருந்தன. மேடையில் கீபோர்டு அடுக்கடுக்காக நிற்கும். அவற்றை வாங்கப் பணம் வேண்டும், வாசிக்கப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும். பங்க் அதற்கு எதிராக எழுந்த இசை. 1977 ஜனவரியில் 'சைட்பர்ன்ஸ்' என்ற கையால் தயாரித்த சிற்றிதழ், கிட்டாரில் மூன்று கார்டுகளுக்கான, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டுகளுக்கான, விரல் நிலைகளை வரைந்து காட்டி, இப்போது ஒரு குழுவைத் தொடங்கு என்று வாசகருக்குச் சொன்னது. செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவின் பாடகர் ஜானி ராட்டன், அந்தப் பெரிய ராக் குழுக்களில் ஒன்றான பிங்க் ஃப்ளாய்டின் சட்டை ஒன்றில், வெறுக்கிறேன் என்ற சொல்லைச் சேர்த்து எழுதி அணிந்து திரிந்தார். மூன்று கார்டுகளும் அந்தச் சட்டையும் பலருக்கு ஓர் உறுதிமொழி போல இருந்தன.

இந்த நிலையில் வயர் குழு ஒப்பந்தம் செய்துகொண்ட நிறுவனத்தைப் பாருங்கள். பெரிய இசைத்தட்டு நிறுவனமான இஎம்ஐயின் கிளையான ஹார்வெஸ்ட், பிங்க் ஃப்ளாய்டின் இசைத்தட்டுகளை வெளியிட்ட அதே நிறுவனம். முதல் ஆல்பம் வந்தபோது இது ஒரு சிறு உறுத்தலாக மட்டுமே இருந்திருக்க வேண்டும். இரண்டாவது ஆல்பத்தில் சின்தசைசர் ஒலித்ததும் சந்தேகம் உறுதிப்பட்டது போலாகிவிட்டது. தொடக்ககால பிங்க் ஃப்ளாய்டோடு இந்த ஆல்பத்தை ஒப்பிட்டுப் பேசியவர்கள் உண்டு. சிலருக்கு அந்த ஒப்பீடு பாராட்டு. சிலருக்கு அதுவே தீர்ப்பு. போதாக்குறைக்கு, செக்ஸ் பிஸ்டல்ஸ் 1978 ஜனவரியிலேயே சான் பிரான்சிஸ்கோவில் கடைசி நிகழ்ச்சியை நடத்திக் கலைந்திருந்தது. தங்கள் இசை தங்கள் கண்ணெதிரே கைவிட்டுப் போகிறது என்று அஞ்சிய ரசிகர்களின் கையில் வந்து சேர்ந்த ஆல்பம் இது.

குழுவினரின் பின்னணியும் சந்தேகத்துக்கு இடம் கொடுத்தது. நியூமன் ஓவியக் கல்லூரி மாணவர். 1946-இல் பிறந்த கில்பர்ட், ராக்ஸி கிளப்பின் மேடையில் ஏறியபோது முப்பது வயதைத் தாண்டியிருந்தார். அந்த ராக்ஸி, கோவென்ட் கார்டனில் சில மாதங்களே பங்க் இசைக்கு இடம் கொடுத்துப் புகழ்பெற்ற சிறிய கூடம். 1977 ஏப்ரலில் அவர்கள் அங்கே வாசித்ததிலிருந்து இரண்டு பாடல்கள் ராக்ஸியின் நேரடித் தொகுப்பு ஆல்பத்தில் இடம்பெற்றன. அந்தத் தொகுப்பைப் பதிவு செய்தவரும் தோர்ன்தான். தெருவிலிருந்து வந்த பையன்கள் என்று இவர்களை நினைத்திருந்தவர்களுக்கு, ஓவியக் கல்லூரிக்காரர்கள் தங்கள் வேடத்தைக் கலைத்துவிட்டதாக இரண்டாவது ஆல்பம் தோன்றியிருக்கலாம். என்னைக் கேட்டால், அவர்கள் எந்த வேடமும் போட்டிருக்கவில்லை. 28 விநாடிப் பாடலை எழுதுவதற்கும் ஓர் ஓவியனின் கண்டிப்பு தேவைப்படுகிறது. எதை நீக்கலாம் என்று தெரிந்தவன் மட்டுமே அப்படி எழுத முடியும்.

ஆயினும் என் நண்பனின் எதிர்ப்பு இந்த வகையைச் சேர்ந்ததல்ல. அதனால்தான் அதை எளிதில் ஒதுக்கிவிட முடியவில்லை. ஒருநாள் அவன் சொன்னான்: முதல் ஆல்பத்தைக் கேட்டபோது இதை நானும் வாசிக்கலாம் என்று தோன்றியது, கிட்டாரை எடுத்தேன், அந்த வாரத்துக்குள் நான்கு பாடல்களை வாசித்தும் விட்டேன், இரண்டாவதைக் கேட்கும்போது, நான் கேட்க மட்டும்தான் முடியும் என்று தோன்றுகிறது. இதைச் சொன்னபோது அவன் குரலில் கோபம் இல்லை. எதையோ இழந்தவனின் வருத்தம் இருந்தது.

இந்த ஆல்பத்தைப் போற்றுபவர்கள், அன்று அதை ஏற்காதவர்களைக் குறுகிய மனம் படைத்தவர்கள், மாற்றத்தைக் கண்டு அஞ்சியவர்கள் என்று எழுதுவதைப் பல இடங்களில் படித்திருக்கிறேன். அது நியாயமில்லை. பங்க் இசை கேட்பவரிடம் ஒரு வாக்குறுதி அளித்தது; மேடைக்கும் தரைக்கும் நடுவே உள்ள படிகளை எடுத்துவிட்டோம் என்றது. அந்த வாக்குறுதியை நம்பிக் கிட்டார் வாங்கியவர்களுக்கு, சின்தசைசரும் ஸ்டுடியோ நுணுக்கங்களும் நிறைந்த ஓர் ஆல்பம் அந்தப் படிகளைத் திரும்பக் கட்டியது போலத்தான் தெரியும். அவர்கள் காதில் குறை ஒன்றுமில்லை. அவர்கள் கேட்டது சரியாகவே கேட்டது.

எனினும் நான் அந்த ஒலிநாடாவைத் திருப்பிப் போட்ட இரவில் கேட்டது வேறொன்று. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

'ஹார்ட்பீட்' என்ற பாடல். காதில் ஹெட்போன் இருந்தது. அறையில் விளக்கு இல்லை. தாழ்ந்த ஒலியில் கிட்டார் ஒன்று துடிக்கத் தொடங்குகிறது. டிரம்ஸ் அதை மீறாமல் கூடவே நடக்கிறது. நியூமன் பாடவில்லை, ஏறக்குறைய முணுமுணுக்கிறார்: குளிர்கிறது என்கிறார், வயதாகிவிட்டது போலிருக்கிறது என்கிறார், பின்னால் யாரோ நிற்கிறார்களா என்று ஐயப்படுகிறார். ஒவ்வொரு வரிக்கும் ஒலி இம்மியளவு கூடுகிறது. எப்போது கூடியது என்று குறிப்பிட்டுச் சொல்ல முடியாது. சட்டென்று கவனிக்கும்போது அறை முழுவதும் சத்தம் நிறைந்திருக்கிறது, அவர் கத்திக்கொண்டிருக்கிறார், நம் நாடித் துடிப்பும் அந்தக் கிட்டாரோடு சேர்ந்துகொண்டிருக்கிறது. பிறகு வந்த வழியே எல்லாம் தணிந்துபோகிறது. மூன்று நிமிடங்களும் சில விநாடிகளும்தான். பங்க் பாடல்களில் கோபத்தை ஏராளமாகக் கேட்டிருந்தேன். அந்தக் கோபத்துக்கு அடியில் இருக்கும் அச்சத்தை அன்றுதான் முதலில் கேட்டேன்.

அதற்கு இரண்டு பாடல்கள் முன்னால் 'சேண்ட் இன் மை ஜாயின்ட்ஸ்' வருகிறது. இரண்டு நிமிடங்களுக்குள் சீறி முடியும் அந்தப் பாடல் முதல் ஆல்பத்திலேயே இருந்திருக்கலாம். 'அனதர் த லெட்டர்' இன்னும் வியப்பானது: சின்தசைசர் தலைதெறிக்க ஓடுகிறது, பாடல் ஒரு நிமிடத்தைக் கடந்த சில விநாடிகளிலேயே நின்றுவிடுகிறது. வாத்தியம் பழைய பெரிய குழுக்களுடையது; நீளமும் வேகமும் முற்றிலும் பங்க். 'மரூன்ட்' பாடலில் பனிப்பாறை ஒன்றின்மேல் தனியாக மிதந்து செல்பவன் பேசுகிறான். நீர் வெதுவெதுப்பாக ஆக ஆக, அவன் நிற்கும் பாறை சிறுத்துக்கொண்டே வருகிறது. இத்தனை பெரிய தனிமைக்கு அவர்கள் ஒதுக்கிய நேரம் இரண்டரை நிமிடம் கூட இல்லை. 'மெர்சி' அதற்கு நேர்மாறாக ஆறு நிமிடங்களை நெருங்குகிறது. எழும்புவதும் அடங்குவதும் மீண்டும் எழும்புவதுமாக அது நடக்கிறது. அதற்கு அந்த நீளம் தேவைப்படுகிறது.

இங்கேதான் நான் நண்பனோடு மாறுபடத் தொடங்கினேன். முதல் ஆல்பத்தின் விதி வேகமோ மூன்று கார்டுகளோ அல்ல என்பது எனக்கு அன்றிரவு விளங்கியது. பாடலுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் கொடு என்பதே அதன் விதி. முதல் ஆல்பத்தில் அந்த விதி 28 விநாடிப் பாடலைத் தந்தது; இரண்டாவதில் அதே விதி ஆறு நிமிடப் பாடலையும் அனுமதித்தது. வெளியே கேட்கும் ஓசை மாறியிருக்கிறது. உள்ளே இருக்கும் கண்டிப்பு மாறவில்லை. முதல் ஆல்பத்தின் ஓசையை நேசித்தவர்கள் இரண்டாவதில் ஏமாந்தார்கள், அதன் கண்டிப்பை நேசித்தவர்கள் ஏமாறவில்லை என்பதுதான் இந்தப் பிளவைப் பற்றி நான் கொண்டிருக்கும் கருத்து. இரு தரப்பும் நேசித்தது ஒரே ஆல்பத்தைத்தான். அதில் எதை நேசித்தோம் என்பது இரண்டாவது ஆல்பம் வரும்வரை இரு தரப்புக்குமே தெரியவில்லை.

இந்த விதி மீறப்பட்ட இடம் ஒன்றும் உண்டு. 'அவுட்டோர் மைனர்' என்ற பாடல் ஆல்பத்தில் ஒன்றே முக்கால் நிமிடம் ஓடுகிறது. இலையின் மேல்தோலுக்கும் அடித்தோலுக்கும் நடுவே சுரங்கம் தோண்டித் தின்று வாழும் ஒரு சிறு புழுவைப் பற்றிய பாடல் அது. இலைச் சுரங்கப் பூச்சியின் புழு இலைக்குள் ஊர்ந்து செல்லும் பாதை, மேலிருந்து பார்க்கும்போது வெண்மையான நெளிகோடாகத் தெரியும். பாடலின் மெட்டும் அப்படித்தான், மென்மையாக நெளிந்து சென்று, இலையின் விளிம்பை எட்டியதும் நின்றுவிடும். குழு எழுதியவற்றில் இதைவிட இனிமையான மெட்டு எனக்குத் தெரிந்து இல்லை. அது நிறுவனத்தின் காதிலும் விழுந்தது. தனி இசைத்தட்டாக வெளியிடுவதற்கு அதன் நீளம் போதவில்லை என்று, நடுவே தோர்ன் வாசித்த பியானோப் பகுதி ஒன்றைச் சேர்த்துப் பாடலை நீட்டினார்கள். 1979 ஜனவரியில் அது பிரிட்டிஷ் தரவரிசையில் 51-ஆம் இடம் வரை ஏறியது. விற்பனைக் கணக்கைச் சுற்றி எழுந்த சர்ச்சையில், தொலைக்காட்சியின் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' நிகழ்ச்சியில் தோன்றும் வாய்ப்பும் நழுவிப்போயிற்று. பியானோ அழகாகத்தான் இருக்கிறது. நான் அதை வெறுக்கவில்லை. ஆனால் இலை முடிந்த பிறகும் புழு ஊர்ந்துகொண்டிருப்பது போல எனக்குப் படுகிறது. சோதனை முயற்சி இந்தக் குழுவைக் கெடுத்துவிட்டது என்று சொன்னவர்கள் குற்றம் சாட்டியிருக்க வேண்டியது, நிறுவனத்தின் தேவைக்காக நீட்டப்பட்ட இந்தப் பதிப்பைத்தான்.

இரண்டாவது ஆல்பத்தில் திசை மாறிய பங்க் குழு இவர்கள் மட்டுமல்ல. 'த டாம்ன்ட்' குழு 1977 பிப்ரவரியில் முதல் ஆல்பத்தையும், அதே ஆண்டு நவம்பரில் 'மியூசிக் ஃபார் பிளெஷர்' என்ற இரண்டாவதையும் வெளியிட்டது. பிங்க் ஃப்ளாய்டிலிருந்து வெகுநாள் முன்பே விலகிவிட்டிருந்த சிட் பாரெட்டைத் தயாரிப்பாளராக்க அவர்கள் விரும்பினார்கள். கிடைத்தவர் அதே குழுவின் டிரம்ஸ் கலைஞர் நிக் மேசன். ஆல்பத்தை அன்று பெரும்பாலோர் நிராகரித்தார்கள், குழுவும் சிறிது காலத்தில் சிதறியது. அந்த ஆல்பத்தை நான் பலமுறை பொறுமையாகக் கேட்டிருக்கிறேன். புதிய தயாரிப்பாளர் இருக்கிறார், இரண்டாவது கிட்டார் இருக்கிறது, ஒரு பாடலில் லோல் காக்ஸ்ஹில்லின் சாக்ஸஃபோன் கூட இருக்கிறது. எழுதும் முறை மட்டும் பழையபடியே இருக்கிறது. அதில் சோதனை என்று சொல்லத்தக்கது சுவரின் வண்ணத்தை மாற்றியதோடு நின்றுவிட்டது. வயர் குழுவோ அறையில் இருந்த நாற்காலிகளையே எடுத்துவிட்டது.

நாற்காலி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. புத்தி சற்றுப் பிசகியவரைப் பற்றிப் பேசும்போது, அவர் வீட்டு முன்னறையில் சில நாற்காலிகளைக் காணோம் என்று பிரிட்டனில் சொல்லும் வழக்கிலிருந்து ஆல்பத்தின் பெயர் எடுக்கப்பட்டது. அட்டைப்படத்தில் திரைச்சீலைக்கு முன்னால் ஒரு மேசையும் பூச்சாடியும் இருக்கின்றன. உட்கார இடமில்லை. அன்று இந்த ஆல்பத்தை வாங்கிய முதல் ஆல்பத்தின் ரசிகருக்கு இதைவிடப் பொருத்தமான வரவேற்பை எண்ணிப் பார்க்க முடியவில்லை.

விற்பனையைப் பொறுத்தவரை இரண்டாவது ஆல்பம் தோற்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். முதல் ஆல்பம் அன்று தரவரிசைப் பட்டியலில் நுழையவே இல்லை. இரண்டாவது 48-ஆம் இடத்தைத் தொட்டது. ஆகவே பிளவு என்பது வாங்கியவர்களுக்கும் வாங்காதவர்களுக்கும் நடுவே நிகழ்ந்ததல்ல. ஒரே இசைத்தட்டுக்கு முன்னால் உட்கார்ந்த இருவருக்கு நடுவே நிகழ்ந்தது, எனக்கும் நண்பனுக்கும் நிகழ்ந்தது போல.

அடுத்து வந்த தலைமுறை இரண்டு ஆல்பங்களையும் பங்குபோட்டுக்கொண்டது. வாஷிங்டனின் ஹார்ட்கோர் (பங்கின் இன்னும் கடுமையான வகை) குழுவான மைனர் த்ரெட், முதல் ஆல்பத்தின் கடைசிப் பாடலை எடுத்துத் தானும் பாடியது. 1987-இல் அமெரிக்காவின் ஆர்.இ.எம். குழுவும் அதே ஆல்பத்திலிருந்து ஒரு பாடலை எடுத்தது. அதே ஆண்டில் சிகாகோவின் பிக் பிளாக் எடுத்ததோ 'ஹார்ட்பீட்'. கருணையே இல்லாத இரைச்சலுக்குப் பெயர்போன அந்தக் குழு, முதல் ஆல்பத்தின் வேகப் பாடல்கள் அத்தனையையும் விட்டுவிட்டு, இரண்டாவது ஆல்பத்தின் முணுமுணுப்பில் தங்களுக்கான வன்முறையைக் கண்டெடுத்தது. மென்மையான, கலைத்தனமான ஆல்பம் என்று இதைத் தள்ளியவர்களுக்கு என்னிடம் இருக்கும் வலுவான பதில் இதுதான்.

குழு தன் ரசிகர்களின் பிளவைச் சமாதானப்படுத்த முயலவில்லை. 1980 பிப்ரவரியில் லண்டனின் எலெக்ட்ரிக் பால்ரூமில் பழைய பாடல்களை எதிர்பார்த்து வந்தவர்கள் முன்னால் புதிய பாடல்களையும் விசித்திரமான மேடை நிகழ்வுகளையும் வைத்தது. அங்கே எழுந்த எதிர்ப்பையும் மறைக்காமல் அடுத்த ஆண்டு இசைத்தட்டாகவே வெளியிட்டது. ஆண்டுகள் சில பிரிந்திருந்துவிட்டு மீண்டும் கூடி 1987-இல் அமெரிக்கா சென்றபோது, பழைய பாடல்களை வாசிக்க அவர்களுக்கு விருப்பமில்லை. 'தி எக்ஸ் லயன் டேமர்ஸ்' என்ற, முதல் ஆல்பத்தின் பாடலொன்றிலிருந்து பெயர் வைத்துக்கொண்ட ரசிகர் குழுவைக் கூடவே அழைத்துச் சென்றார்கள். முதலில் அவர்கள் மேடையேறி 'பிங்க் ஃப்ளாக்' பாடல்களை வாசிப்பார்கள். பிறகு வயர் வந்து புதியவற்றை வாசிக்கும். கேட்பவர்களை மதித்த செயலாகவே இதைப் பார்க்கிறேன். உனக்கு வேண்டியதைத் தர வேறு ஒருவர் இருக்கிறார், எங்களால் தர முடிந்தது இது என்று நேராகச் சொல்லிவிட்டார்கள்.

அந்த நிகழ்ச்சிக்கு நாங்கள் இருவரும் சென்றிருந்தால் முதல் பாதிக்கு அவனும் இரண்டாம் பாதிக்கு நானும் முன்வரிசையில் நின்றிருப்போம் என்று நண்பனிடம் ஒருமுறை சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. கிட்டாரை எடுத்து மடியில் வைத்து, கம்பிகளை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தபடி 'ஹார்ட்பீட்' பாடலின் தொடக்கத்தை வாசித்தான். அவன் அதை வாசிப்பான் என்று நான் நினைத்ததே இல்லை; மறுபக்கத்தை அவனும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறான் என்பது அந்தத் துடிப்பின் துல்லியத்திலேயே தெரிந்தது. ஒலி மெல்லக் கூடிக்கொண்டே வந்து, ஒற்றைக் கிட்டாரால் மேற்கொண்டு கூட்ட முடியாத இடத்தில் வாசிப்பை நிறுத்தினான். இதற்கு மேல் போக என்னால் ஆகாது, நான் சொல்லி வந்தது இந்த இடத்தைத்தான் என்றான்.